உம் கொட்டிய காதுப்பொட்டு

எங்கள் குடும்பத்தில் யாரும் யார் பேச்சையும் கேட்காமல், ஒருவரோடு ஒருவர் சண்டையும் போடாமல், ஏறக்குறைய ஒரு வருஷம் சந்தோஷமாக இருந்தோம். அந்தச் சந்தோஷத்தைச் செய்து கொடுத்தவள் நான்தான். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரையாவது திட்ட வேண்டும் என்று தோன்றினால் நேராக என்னையே திட்டலாம், சுற்றி வளைக்க வேண்டாம். பெயர் சுபாஷினி, ஊர் பாளையங்கோட்டை, தொழில் ஒலிப்பதிவு. பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் உங்களை விரட்டுகிற அறிவிப்புக் குரல்களைத் துடைத்துத் துலக்கி அனுப்புகிறவள் நான்.

காதுப்பொட்டு ஒட்டாத புண்ணியவான்கள் எங்காவது மிச்சம் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். அது காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சின்ன வட்டம். அது வந்ததிலிருந்து போன் செய்வது என்ற பழக்கமே போய்விட்டது. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் மதினி, தென்காசியில் இருக்கும் கொழுந்தன், ஓசூரில் இருக்கும் மதினி மகன் எல்லாரும் எந்நேரமும் காதுக்குள்ளேயே குடியிருப்பார்கள். பெயரைச் சொல்லி வாயைத் திறந்தால் போதும், தோளுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் கேட்கும். இந்தக் காதுகளையெல்லாம் ஒன்றோடொன்று கோத்து வைத்திருக்கிற மென்பொருளுக்குச் சங்கிலி என்று பெயர்.

சங்கிலியில் ஒரு வில்லங்கம் உண்டு. அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் கோத்து வைத்த கண்ணிகள் அத்தனையும் கழன்றுவிடும். திரும்ப ஓடவிட்டால் தானாகச் சேராது, ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டு ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. கழன்ற மறுநொடி எதிர்ப்பக்கத்துக்கு, 'இன்னார் உங்களுடனான தொடர்பை முறித்துக்கொண்டார்' என்று செய்தி போய்விடும். அந்த வாசகத்தை எழுதியவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது என்று நினைக்கிறேன். என் கொழுந்தன் குமரேசன் ஒருமுறை தலைவலி என்று சங்கிலியை நிறுத்திவிட்டுப் படுத்தான். எழுந்து பார்த்தால், அவன் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு வரமாட்டேன் என்று அவன் அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். அந்தக் கோபம் தணிய ஒரு தீபாவளி ஆயிற்று.

அந்த அக்காதான் ஆவுடைச்செல்வி, என் கணவர் சங்கரலிங்கத்துக்கும் அக்கா, எனக்கு மதினி. கணவர் காலமாகி, மகன் கனகவேல் ஓசூரில் வேலை என்று போய்விட, அம்பாசமுத்திரத்தில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் பேச்சு. காலையில் பால் பொங்கியதில் ஆரம்பித்தால், பால்காரர் மருமகள், அவள் தங்கச்சி படிக்கிற காலேஜ், அந்தக் காலேஜுக்குப் போகிற பஸ் என்று ஊரைச் சுற்றிக் கொண்டுபோய் விட்டுத்தான் நிறுத்துவார். கேட்கிறவள் நடுநடுவே உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால், "கேக்கியாட்டீ?" என்பார்.

அந்தச் சமயத்தில் அவர் பேச்செல்லாம் ஓரிடத்தில்தான் வந்து முடிந்தது. குடியிருக்கிற வீட்டை இடித்துக் கடை கட்டப் போகிறேன், காலி பண்ணிக் கொடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எங்கே போவது? எங்கள் வீட்டு மாடி அறை காலியாகத்தானே கிடக்கிறது, அங்கே வந்து இருந்துகொள்ளட்டுமா என்று மதினி என்னிடம் கேட்டார். பாப்போம் மதினி, இவிய வரட்டும், கேட்டுச் சொல்லுதேன் என்றேன். இவியளிடம், அதாவது என் கணவரிடம் கேட்டால், நீ என்ன சொல்லுதியோ அதான் என்றார். அவர் உத்தமர். மதினி மறுபடி கேட்டார், நான் மறுபடி பாப்போம் என்றேன். எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான். காதுக்குள் இருப்பவர் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டால் நான் எங்கே போய் ஒளிவது?

இதற்கு நடுவில் என் பிழைப்பு வேறு. குரல்களைத் துலக்குகிற என் மென்பொருளுக்கும் சங்கிலிக்கும் ஆகவே ஆகாது. காதுப்பொட்டு ஒன்றுதான், அதை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடித்துக்கொள்ள முடியும். வேலைக்கு உட்கார வேண்டுமென்றால் சங்கிலியை நிறுத்தியாக வேண்டும், நிறுத்தினால் மதினிக்கு முறித்துக்கொண்ட செய்தி போய்விடும். எத்தனை பால்காய்ப்புகளைத்தான் இழப்பது? ஒரு வாரம் முக்கி முனகி ஒரு சின்ன நிரலை எழுதினேன். சங்கிலியை நிறுத்தும், ஆனால் ஒரு கண்ணியும் கழலாது. அதற்குச் 'சும்மாயிரு' என்று பெயர் வைத்தேன்.

அது எப்படி, நிறுத்தவும் செய்யும், நிறுத்தாமலும் இருக்கும் என்று கணவர் கேட்டார். மனிதர் பாசனத் துறையில் வேலை பார்ப்பவர். மதகு என்றால் ஒன்று திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மூடியிருக்க வேண்டும் அவருக்கு.

"பஸ்ல துண்டப் போட்டு எடம் புடிப்பாவல்லா, அது மாதிரிதான்," என்றேன். "நாம எறங்கிப் போய் டீ குடிச்சிட்டு வரலாம். எடம் நம்ம எடம்தான். சங்கிலி அப்பப்ப வந்து இந்தக் காதுல ஆள் உண்டான்னு தட்டிப் பாக்கும். துண்டு, உண்டுன்னு சொல்லிரும்."

"துண்டுட்ட யாராவது பேசினா?"

அவர் எப்போதாவதுதான் கேள்வி கேட்பார், கேட்டால் உருப்படியாகக் கேட்பார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அன்று மத்தியானமே பதில் கிடைத்தது. வேலையை முடித்துவிட்டுக் காதைத் திறந்தால் மதினி கேக்கியா, கேக்கியா என்று கத்திக்கொண்டிருந்தார். மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்து குமரேசனைக் கிளப்பி அனுப்பப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் மைக் முன்னால் உட்கார்ந்து விதவிதமாக 'ம்' சொல்லிப் பதிந்தேன். அப்படியா என்கிற ம். அடப்பாவமே என்கிற ம். மேலே சொல்லுங்க என்கிற ம். அடுப்பில் ஏதோ இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன் என்கிற ம். எதிர்ப்பக்கம் மூச்சு வாங்க நிறுத்தும்போது இதில் ஏதாவது ஒன்றை எடுத்துப் போடும்படி சும்மாயிருவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அன்று சாயங்காலம் மதினி தன் தம்பியிடம், சுபா முன்னைப்போல இல்லை, இப்பல்லாம் ரொம்பப் பொறுமையாகக் கேட்கிறாள் என்று மெச்சிக்கொண்டாராம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பெருமையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கணவருக்கு ஒன்று செய்து கொடுத்தேன். அவருடைய ம் எல்லாம் ஒரே மாதிரி, அவரைப் போலவே. குமரேசன் தனக்கொன்று கேட்டான். ஓசூரிலிருந்து கனகவேல், அத்தே எனக்கும் ஒண்ணு குடுங்க, ஆபீஸ் நேரத்துல அம்மா பேசுனா சமாளிக்க முடியல என்றான். கொடுத்தேன். எங்கள் தெரு வாங்கிக்கொண்டது, அடுத்த தெரு கேட்டு வந்தது. வாரம் ஒருமுறை எல்லார் காதிலும் வந்து வார்டின் முன்னேற்றம் பற்றிப் பேசும் கவுன்சிலர், இப்படி ஒரு கவனமான ஜனத்தை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று நெகிழ்ந்து, பேச்சை இன்னும் நீட்டினார். புருஷன் பெண்டாட்டி சண்டைகள் குறைந்தன. ஊரே சொன்னதைக் கேட்கிற பிள்ளை மாதிரி ஆயிற்று.

ஒரே ஒரு உறுத்தல் வந்தது. எதிர்வீட்டு தாமஸ் சார் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் மகளைக் கூப்பிட்டிருக்கிறார். மகளின் பொட்டு அடப்பாவமே என்கிற ம் சொல்லியிருக்கிறது. கால் நகரவில்லை என்றாராம், மேலே சொல்லுங்க என்கிற ம் வந்ததாம். கடைசியில் தண்ணீர் கேன் போடுகிறவர்தான் குரல் கேட்டுக் கதவை உடைத்தார். அன்றே உட்கார்ந்து, யாராவது சத்தமாகக் கத்தினால் உடனே காதைத் திறந்துவிடும்படி நிரலைத் திருத்தி எல்லாருக்கும் அனுப்பினேன். தாமஸ் சார் வீட்டுக்கு ஆப்பிள் வாங்கிப் போய்ப் பார்த்தேன். பிரச்சனை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். கத்தாமல் கஷ்டப்படுகிறவர்களும் உண்டு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆவணி பிறந்து ஒரு காலை நேரம், வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. கட்டில், மெத்தை, கிரைண்டர், பீரோ, வாளியில் நட்ட முருங்கைக் கன்று, இவற்றுக்கு முன்னால் டிரைவர் பக்கத்தில் ஆவுடை மதினி. வண்டிக்காரரும் அவர் ஆளும் சாமான்களை மாடிக்கு ஏற்றத் தொடங்கினார்கள். நான் கரண்டியும் கையுமாக நின்றேன்.

சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறீர்களே மதினி என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"சொல்லாமலா? போன வெள்ளிக்கெழம கேட்டேன்லா, மாடி ரூமுக்கு வந்துரட்டுமா சுபான்னு. நீ ம்-ன்ன. கடைசி வர இருந்துக்கிடட்டுமான்னேன். அதுக்கும் ம்-ன்ன. வீட்டுக்காரர்ட்ட சாவியக் குடுத்துட்டு வந்துட்டேன்."

சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார். குமரேசனிடமும் கேட்டாராம், அவனும் சரி என்றானாம். மகன் கனகவேலிடமும் கேட்டாராம், அவனும் சரி என்றானாம். மூன்று வீடும் வா வா என்கிறபோது எந்த வீட்டுக்குப் போவது என்று யோசித்தாராம். குமரேசனின் ம்-மில் ஒரு அலுப்பு தெரிந்ததாம், கனகவேலின் ம் ஆபீஸ்காரன் ம் மாதிரி இருந்ததாம். என் ம்-மில்தான் பிரியம் இருந்ததாம். தொழில் தெரிந்தவள் பதிவு செய்தால் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

மதினி சாமான்களோடு மாடிக்குப் போனதும் கணவரை அடுக்களைக்குள் இழுத்தேன். அவர் விஷயத்தைக் கேட்டு வெகுநேரம் தலையைச் சொறிந்தார்.

"அத்தன தினுசா ம் பதிஞ்சியே, ஒரு ம்ஹூம் வச்சிருக்கக் கூடாதா?"

"ம்ஹூம் சொல்லணும்னா அவிய என்ன கேக்காவன்னு தெரியணும்லா. ம் சொல்லுததுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது.

குமரேசனையும் கனகவேலையும் சேர்த்துக் கூப்பிட்டேன். சும்மாயிருவைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று எழுத்தில் செய்தி அனுப்பித்தான் வரவழைக்க வேண்டியிருந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு நாங்கள் ஒருவர் குரலை ஒருவர் நிஜமாகக் கேட்டது அன்றுதான். மதினி எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்றதும் குமரேசன் பெருமூச்சு விட்டது தென்காசியிலிருந்து தெளிவாகக் கேட்டது. அவன் மனைவி பவித்ரா பின்னாலிருந்து, அதான் அக்கா ஆசைப்பட்டுச் சொல்லிட்டாவளே, அப்படியே விட்டுருங்க என்றாள். ஆசைப்பட்டுச் சொன்னது நானில்லை, பொட்டு என்றேன். உங்க வீட்டிலும் பொட்டு சொல்லியிருக்கிறது, அங்கேயும் வைத்துக்கொள்ளலாமே என்றேன். பொட்டைச் செய்தது யார் என்று குமரேசன் கேட்டான். அதற்குப் பிறகு நடந்த பேச்சு அச்சில் ஏற்றத் தக்கதல்ல.

கனகு, நீ சொல்லுடே, ஒங்கம்மாதான என்றார் என் கணவர்.

"மாமா, அத்தே, அங்க வச்சுக்கிடுங்க, இல்ல இங்க அனுப்புங்க, என்னமும் செய்ங்க. இத்தன நாள் பேசுனது மெஷின்ட்டன்னு மட்டும் அம்மாட்ட சொல்லிராதீங்க."

விஷயம் அங்கேதான் மாட்டிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லாவிட்டால் மதினி காலத்துக்கும் எங்கள் மாடியில். சொல்லிவிட்டால், ஒரு வருஷமாகத் தம்பிகள், தம்பி பெண்டாட்டி, பெற்ற பிள்ளை, யாருமே தன் பேச்சைக் கேட்கவில்லை என்பதை, வீட்டைக் காலி செய்துவிட்டு வந்து நிற்கிற நேரத்தில் அவர் தெரிந்துகொள்வார்.

நான் ஒரு நடுவழி கண்டுபிடித்தேன். எனக்கு எப்போதும் ஒரு நடுவழி கிடைத்துவிடும். அந்த வெள்ளிக்கிழமை மட்டும் பொட்டில் கோளாறு, நீங்கள் கேட்டது எனக்குக் கேட்கவில்லை, சங்கிலியே ஏதோ உளறிவிட்டது என்று சொல்லிவிடலாம். மற்ற நாட்களெல்லாம் கேட்டதாகவே இருக்கட்டும். அவர் மனமும் நோகாது, என் மாடியும் தப்பும். அடுப்பை அணைத்துவிட்டு, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே மாடி ஏறினேன்.

மதினி துணி உலர்த்தக் கொடி கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டு மறுமுனைக்கு ஆணி தேடிக்கொண்டிருந்தார்.

மதினி, அந்த வெள்ளிக்கிழமை நான் ம் சொன்னது, என்று ஆரம்பித்தேன்.

"நீ எங்க சொன்ன," என்றார் மதினி.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதுபோல் சொல்லிவிட்டு ஆணியைத் தேடினார். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"வைகாசிலயே. வீட்டுக்காரரு வந்து சத்தம் போட்டுட்டுப் போனாரு. அத ஒன்ட்ட சொல்லயில அழுதுட்டேன், பைய, பக்கத்து வீட்டுக்குக் கேக்காம. நீ ம்-ன்ன. அழுதவட்ட யாரும் அப்படி ம்-ன்னு சொல்ல மாட்டாவ, சுபா. சரி, பாப்போம்னு மறுநா, ஆட்டுரல முழுங்கிட்டேன்னேன். ம்-ன்ன. கொமரேசன்ட்ட, மறுகல்யாணம் பண்ணிக்கிடப் போறேன்டான்னேன். ம்-ன்னான்." இதைச் சொல்லும்போது சிரித்தார். எனக்கும் சிரிப்பு முட்டியது. "கனகுட்ட, நீ என் வயித்துல பொறந்தவனே இல்லலே, ஆஸ்பத்திரில மாத்தி எடுத்துட்டு வந்துட்டோம்னேன். அதுக்கும் ம்-தான்." சிரிப்பு எனக்கு அங்கேயே நின்றுவிட்டது.

தெரிந்த பிறகும் ஏன் மதினி பேசிக்கொண்டே இருந்தீர்கள் என்று கேட்டேன்.

பேசாமல் இருந்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது என்றார். அதோடு, அது நன்றாகக் கேட்கிறதாம். இடையில் வாயைத் திறப்பதில்லை, பாதியில் குக்கர் விசில் என்று ஓடுவதில்லை, அவர் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைப் பற்றி முதல்முறையாக முழுசாகச் சொல்லி முடித்தது அதனிடம்தானாம். என்ன சொன்னீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அந்தச் சத்தம் எங்கும் சேர்த்து வைக்கப்படவில்லை, வந்த வழியே கொட்டிப்போகும்படிதான் நான் எழுதியிருந்தேன். மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை.

"அப்போ, மெஷின்னு தெரிஞ்சேதான் அதுட்ட வீட்டப் பத்திக் கேட்டியளா?"

"ஆமா. ஒன்ட்ட எத்தன தடவ கேட்டேன். பாப்போம்ன. இவிய வரட்டும்ன. ஒரு நா பேச்ச மாத்தி, முருங்கக்கா வெல என்னன்னு கேட்ட. அதுட்ட ஒரேயொரு தடவதான் கேட்டேன்."

அது என் குரல்தான். என் தொண்டையிலிருந்து, என் மைக்கில், நானே எடுத்ததுதான். அதை நல்ல குணமுள்ள ஒருத்தியாக நினைத்து ஒரு மனுஷி வீட்டைக் காலி செய்துவிட்டு வந்திருக்கிறாள். சும்மா நம்பி ஏமாந்து வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மதினி ஆணியைத் தேடுவதை விட்டுவிட்டு எனக்கு எதிரே வந்து நின்றார். தன் காதுக்குப் பின்னால் விரலைவிட்டுப் பொட்டை உரித்து எடுத்து ஜன்னல் விளிம்பில் ஒட்டினார். என்னையும் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். இத்தனை நாள் மூடிக்கிடந்த இடத்தில் காற்றுப் பட்டுக் கூசியது.

"பீரோ இன்னும் வண்டிலதான் இருக்கு. எறக்க வேண்டாம்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். வண்டிக்காரர் முக்குக் கடைல டீ குடிக்காரு. இப்பக் கேக்கேன், நீயே சொல்லு. இருக்கட்டுமா, போகட்டுமா? போன்னா ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

எங்கே போவீர்கள் என்றேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், கேட்டதுக்குச் சொல்லு என்றார்.

இருங்கள் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அந்த நேரம் பார்த்து என் புத்தி கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. காலையில் பாத்ரூம், மத்தியானம் என் ஒலிப்பதிவு, சாயங்காலம் டிவி, பால்காரர் மருமகளின் தங்கச்சி, இனிமேல் எந்தச் சும்மாயிருவும் உதவாத ஒரு குரல், அடுத்த அறையில், தினமும். கீழே தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார்கள். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மதினி மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. நான் யோசிப்பது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அவர் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஜன்னல் கம்பியில் கட்டிய முடிச்சை மெதுவாக அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்.

"இருங்க மதினி," என்றேன். எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இருங்க."

மதினி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சிரித்தது.

"மெஷின் இவ்வளவு நேரம் எடுக்கலட்டீ," என்றார். பாதி அவிழ்த்த முடிச்சை அப்படியே விட்டுவிட்டு, கயிற்றின் மறுமுனையை என் கையில் கொடுத்து, இழுத்துப் பிடிக்கச் சொன்னார்.